சூரியனுக்கு ஒரு சுத்தமான சட்டி

10 கோடி டிகிரி சூடு. இதை எந்தப் பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சுவீர்கள்?

பித்தளை? எவர்சில்வர்? ம்ஹூம். சில ஆயிரம் டிகிரிக்கு மேல் தாங்கக்கூடிய பாத்திரமே உலகத்தில் கிடையாது. உலோகங்களிலேயே ரொம்பப் பிடிவாதமான டங்ஸ்டன்கூட 3,400 டிகிரியைத் தாண்டினால் உருகி வழிந்துவிடும். அப்படியிருக்க, சூரியனுக்குள் நடக்கிற அணு இணைப்பை பூமியில் ஒரு சட்டிக்குள் நடத்திக் காட்டுகிறேன் என்று எழுபது வருஷத்துக்கும் மேலாக விஞ்ஞானிகள் கிளம்பியிருக்கிறார்களே, சட்டி உருகிப் போகாதா? இந்த விஷயத்தை முதன்முதலாகக் கேள்விப்படுகிற எல்லோருமே கேட்கிற கேள்வி இது.

நியாயமான கேள்விதான். ஆனால், விஞ்ஞானிகளின் தூக்கத்தைக் கெடுத்தது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான கவலை! நெருப்பு சட்டியைக் கெடுத்துவிடுமோ என்பதைவிட, சட்டி நெருப்பை அணைத்துவிடுமோ என்பதுதான் அவர்களுடைய பயம். அதுவும் எதனால்? அழுக்கால். கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத, ஒரே ஒரு அணு கனமுள்ள அழுக்கால்.

அணு இணைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ராட்சதக் காந்தங்களைப் பற்றி எழுதுவார்கள். எத்தனை கோடி டிகிரி எட்டினார்கள் என்று எழுதுவார்கள். சட்டியைக் கழுவியவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த வாரம் அவர்கள் கதை.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான்.

ஹைட்ரஜன் வாயுவை பயங்கரமாகச் சூடாக்கினால் அதன் அணுக்கள் உடைந்து, கருவும் எலக்ட்ரானும் தனித்தனியாக அலைய ஆரம்பிக்கும். அதுதான் பிளாஸ்மா. அதற்கு மின்சாரத் தன்மை உண்டு என்பதால் காந்தத்துக்குக் கட்டுப்படும். ஆகவே, உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள ஓர் உலோகப் பாத்திரம் செய்து, உள்ளே காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, காந்தத்தின் பிடியில் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் அந்தரத்தில் சுற்றவிடுகிறார்கள். இந்த மாதிரி எந்திரத்துக்கு ரஷ்யர்கள் வைத்த பெயர் டோகாமாக்.

இங்கிலாந்தில் கல்ஹாம் என்ற ஊரில் ஜெட் என்று ஒரு டோகாமாக் இருந்தது. 1983-ல் இருந்து 2023 டிசம்பர் வரை உழைத்து ஓய்வு பெற்ற எந்திரம். அதற்குள் சுமார் 80 கன மீட்டர் பிளாஸ்மா இருக்கும். நல்ல பெரிய ஹால் அளவு. ஆனால், எடை? ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு, கொஞ்சம் முன்னே பின்னே. அவ்வளவுதான்! நாம் சுவாசிக்கிற காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிசு. இத்தனை கொஞ்சமாக இருப்பதால்தான் 10 கோடி டிகிரி இருந்தாலும் சட்டி உடனே உருகிவிடுவதில்லை.

இப்போது சுவரைப் பாருங்கள். நன்றாகத் துடைத்து வைத்த எவர்சில்வர் டம்ளரின் மேல்கூட காற்றிலுள்ள ஈரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் சுவரில் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குத் தண்ணீர் ஒட்டியிருந்தால், மூலக்கூறுகளின் எண்ணிக்கை 1 போட்டு 19 பூஜ்யம். ஜெட்டின் உட்சுவர் சுமார் 200 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள். தோராயமாக, உள்ளே சுற்றும் மொத்த பிளாஸ்மாவில் உள்ள ஹைட்ரஜன் கருக்களின் எண்ணிக்கையில் பாதி! அதாவது, சட்டிக்குள் இருக்கும் பாலுக்குச் சமானமாகச் சட்டியின் மேல் அழுக்கு இருக்கிறது. அதுவும் ஒரே ஓர் அடுக்குக்கு. நிஜச் சுவரில் பல அடுக்குகள் இருக்கும்.

இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?

புளி கரைத்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் பால் காய்ச்சிப் பாருங்கள், தெரியும். ஒரு துளி புளி மொத்தப் பாலையும் திரித்துவிடும். இங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஹைட்ரஜன் அணுவிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதை இழந்த பிறகு அதனால் பெரிதாக ஒளி விட முடியாது. சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆனால், சுவரிலிருந்து ஓர் ஆக்ஸிஜனோ இரும்போ உள்ளே நுழைந்தால், அதனிடம் எட்டு எலக்ட்ரான், இருபத்தாறு எலக்ட்ரான் என்று கூட்டமாக இருக்கும். அவை பிளாஸ்மாவின் சூட்டை வாங்கி வாங்கி புற ஊதாக் கதிராகவும் எக்ஸ் கதிராகவும் வெளியே வீசிக்கொண்டே இருக்கும். காந்தம் பிளாஸ்மாவைத்தான் பிடித்து வைக்கும். ஒளியைப் பிடிக்க அதனால் முடியாது. நீங்கள் மெகாவாட் மெகாவாட்டாக மின்சாரம் கொடுத்துச் சூடேற்ற ஏற்ற, ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர் மாதிரி எல்லாம் ஒளியாக வெளியேறிவிடும்.

சரி, கதைக்கு வருவோம்.

1951 மார்ச் மாதம். அர்ஜென்டினாவின் அதிபர் ஹுவான் பெரோன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஹுவெமுல் என்ற தீவில், ரொனால்ட் ரிக்டர் என்ற விஞ்ஞானி அணு இணைப்பைக் கட்டுப்பாட்டுக்குள் நடத்திக் காட்டிவிட்டார் என்று! அத்தனையும் புருடா என்று பிறகு தெரிந்தது. ஆனால், அந்தப் புருடா ஒரு நல்ல காரியம் செய்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியர் லைமன் ஸ்பிட்சர், பனிச்சறுக்கு விளையாடக் கிளம்பிய நேரத்தில் இந்தச் செய்தி அவர் காதுக்கு வந்தது. ரிக்டரால் முடிந்திருக்காது, ஆனால் நிஜமாகவே செய்வதென்றால் எப்படிச் செய்யலாம் என்று யோசித்தார். அந்த வருடமே 'ஸ்டெல்லரேட்டர்' என்ற எந்திரத்துக்குத் திட்டம் தயார்.

ஸ்பிட்சரின் தீர்க்கதரிசனத்தைக் கவனியுங்கள். ஒரு எந்திரம்கூடக் கட்டாத அந்த முதல் வருஷத்திலேயே அழுக்குப் பிரச்னை வரும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பிளாஸ்மாவின் ஓரத்தைக் காந்தத்தால் வளைத்து ஒரு தனி அறைக்குத் திருப்பிவிட்டு, அழுக்கை அங்கேயே இறக்கிவிடலாம் என்று எழுதினார். டைவர்ட்டர் என்று பெயர். வீடு கட்டும்போதே சாக்கடைக்கு இடம் விடுகிற புத்திசாலித்தனம்! இன்றைக்குப் பெரிய டோகாமாக்குகள் எல்லாவற்றிலும் இந்த வடிகால் உண்டு.

சாக்கடை இருந்தால் மட்டும் போதுமா, வீட்டையும் கழுவ வேண்டாமா? அந்தக் கலைக்கு வழிகாட்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் டேனியல் ஆல்பர்ட், ராபர்ட் பேயர்ட் என்று இருவர். அதுவரை உலகத்தில் யார் எவ்வளவு முயன்றாலும் வெற்றிடம் ஓர் அளவுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. காற்றழுத்தத்தில் சுமார் 7,600 கோடியில் ஒரு பங்கு. அளக்கிற கருவி அதோடு நின்றுவிடும். பம்ப் சரியில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். கோளாறு பம்பில் இல்லை, அளக்கிற கருவியில்! தராசுத் தட்டில் கடைக்காரர் விரல் வைத்த மாதிரி, கருவிக்குள்ளேயே உண்டான எக்ஸ் கதிர்கள் பொய்க் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தன. 1950-ல் இருவரும் உள்ளேயிருந்த தகட்டை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய கம்பியை வைத்தார்கள். விரல் விலகியது. நிஜ வெற்றிடம் தெரிந்தது.

கூடவே ஆல்பர்ட் இன்னொன்றையும் காட்டினார். பாத்திரத்தை முழுசாக 400 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சுட்டுக்கொண்டே பம்ப் போட்டால், சுவரில் ஒட்டிய ஈரமெல்லாம் பிய்த்துக்கொண்டு வெளியேறும். மண்சட்டி வாங்கியதும் அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பார்களே, அந்த வேலைதான். பிரின்ஸ்டன்காரர்கள் இந்த வித்தையை அப்படியே ஸ்டெல்லரேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ரப்பர் வளையங்கள் போயின. உலோக வளையங்கள் வந்தன. வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் ரேகையிலுள்ள எண்ணெய்கூட மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும் என்று கையுறை வந்தது.

அதே சமயத்தில் மாஸ்கோவிலும் ஒரு கூட்டம் இதே சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

குர்ச்சாத்தோவ் ஆராய்ச்சிக் கழகம். நதான் யாவ்லின்ஸ்கி என்பவரின் குழு முதலில் செய்த வளையத்தின் உட்சுவர் பீங்கான். சூடான பிளாஸ்மா பட்டதும் பீங்கான் தன்னிடமிருந்த ஆக்ஸிஜனையும் மற்றதையும் கக்கியது. சரி, உலோகம் வைப்போம் என்று 1958-ல் எவர்சில்வர் உறையோடு டி-1 என்ற டோகாமாக்கைக் கட்டினார்கள். அதிலும் கொடுத்த சக்தியில் பெரும்பகுதி அழுக்கின் ஒளியாகவே வெளியேறியது. அடுத்த எந்திரத்தில் உறையைச் சுட்டுப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. 1962-ல் யாவ்லின்ஸ்கி குடும்பத்தோடு விமான விபத்தில் இறந்துபோனார். மற்றவர்கள் விடவில்லை. காந்தப் புலத்தின் கோணல்களை நிமிர்த்தினார்கள். உறையைச் சுட்டார்கள். திரும்பத் திரும்ப மின்னோட்டம் பாய்ச்சிப் பாய்ச்சிச் சுவரைப் பழக்கினார்கள்.

1968-ல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் அவர்களுடைய தலைவர் லெவ் அர்த்சிமோவிச் எழுந்து, டி-3 டோகாமாக்கில் 1 கோடி டிகிரியை எட்டிவிட்டோம் என்றார். மேற்கத்திய விஞ்ஞானிகள் நம்பவில்லை. பனிப்போர் காலமாச்சே! அர்த்சிமோவிச் கோபப்படாமல், 'நீங்களே வந்து அளந்து பாருங்கள்' என்ற பாணியில் பிரிட்டிஷ்காரர்களை அழைத்தார். கல்ஹாமிலிருந்து ஒரு குழு பல டன் கருவிகளோடு மாஸ்கோ போய் இறங்கியது. லேசர் ஒளியை பிளாஸ்மாவுக்குள் பாய்ச்சி அளந்தது. 1969-ல் முடிவு வந்தது: ரஷ்யர்கள் சொன்னது நிஜம்! சில மாதங்களில் பிரின்ஸ்டன்காரர்கள் தங்களுடைய பெரிய ஸ்டெல்லரேட்டரையே பிரித்து டோகாமாக்காக மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால், அழுக்கு விட்டதா? அதுதான் இல்லை.

1975-ல் பிரின்ஸ்டனில் பி.எல்.டி என்ற பெரிய டோகாமாக் ஓட ஆரம்பித்தது. பிளாஸ்மாவின் ஓரம் உரசுகிற இடத்தில் டங்ஸ்டன் கட்டைகளை வைத்திருந்தார்கள். எளிதில் உருகாது, ஆகவே அழுக்கும் வராது என்ற கணக்கு. அங்கேதான் ஏமாந்தார்கள். டங்ஸ்டனிடம் 74 எலக்ட்ரான்கள். பல கோடி டிகிரிச் சூட்டிலும் அத்தனையையும் அது இழந்துவிடாது. மிச்சமிருப்பவை ஒளியை வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு லட்சம் ஹைட்ரஜனுக்குச் சில டங்ஸ்டன் அணுக்கள் என்பதே கவலைப்படவேண்டிய அளவு. சுவரிலிருந்து பெயர்ந்த டங்ஸ்டன் நேராக நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. விளைவு? ஓரம் வெந்து நடுவில் மாவாக நிற்கும் இட்லி மாதிரி, பிளாஸ்மாவின் ஓரம் சூடு, நடு ஆறல்!

டங்ஸ்டனைக் கழற்றி எறிந்துவிட்டு கிராஃபைட் வைத்தார்கள். பென்சிலுக்குள் இருக்கிறதே, அதேதான். சுத்தக் கார்பன். கார்பனிடம் ஆறே எலக்ட்ரான்தான். நடுவில் போனால் ஆறையும் இழந்துவிட்டு சாதுவாகிவிடும். 1978-ல் பி.எல்.டி 6 கோடி டிகிரியை எட்டியது. சூரியனின் மையத்தைவிட நாலு மடங்கு. பத்திரிகைகள் கொண்டாடின. சூடேற்றிய கருவிகளுக்குப் பாராட்டு. சுவரை மாற்றியதற்கு? நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில்தான் கலிஃபோர்னியாவில் ராபர்ட் டெய்லர் என்பவர் சுவர் கழுவுவதில் ஒரு தலைகீழ் உண்மையைக் கண்டுபிடித்தார். அதுவரை சுவரைச் சுத்தம் செய்ய நல்ல சூடான பிளாஸ்மாவால் அடித்துத் தேய்ப்பார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த ஆக்ஸிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகும். பம்ப் அதை வெளியே இழுப்பதற்குள், சூடான பிளாஸ்மா அந்தத் தண்ணீரை மறுபடி உடைத்து ஆக்ஸிஜனைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும். தரையைப் பெருக்கும்போது ஃபேனைப் போட்டுவிட்ட கதை! டெய்லர் சூட்டை வெகுவாகக் குறைத்தார். மிதமான, குளிர்ந்த ஹைட்ரஜன் பிளாஸ்மாவை விட்டு விட்டுப் பாய்ச்சினார். ஆக்ஸிஜன் தண்ணீராகவும், கார்பன் மீத்தேன் வாயுவாகவும் மாறி, உடையாமல் பம்ப் வழியாக வெளியேறின. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் போகாத அழுக்கு, மெதுவாக ஊறவைத்தால் போகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு எந்தக் காலத்திலோ தெரிந்த விஷயம். 'டெய்லர் சுத்தம்' என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். டியூப்லைட் மாதிரி மங்கலாக ஒளிரும் பிளாஸ்மாவை மணிக்கணக்கில் எரியவிட்டுச் சுவரைக் கழுவுவது இன்னொரு முறை. இன்றும் பரவலாக நடக்கிறது.

அடுத்து வருவதுதான் இந்தக் கதையின் உச்சகட்டம்.

1982 டிசம்பர் 24. பிரின்ஸ்டனில் டி.எஃப்.டி.ஆர் என்ற பிரம்மாண்டமான டோகாமாக் உயிர் பெற்றது. உள்ளே கிராஃபைட் சுவர். அடுத்த சில வருடங்கள் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை. சூடேற்றும் சக்தியைக் கூட்டினால் பிளாஸ்மாவின் பிடிமானம் குறைந்தது. காரணங்களில் ஒன்று கிராஃபைட்டின் குணம். அது ஒரு ஸ்பாஞ்சு. ஒவ்வொரு முறை எந்திரத்தை ஓட்டும்போதும் ஹைட்ரஜன் வகையறாவைக் குடித்துவிட்டு, அடுத்த முறை பிளாஸ்மா சூடாகிற நேரம் பார்த்துக் குளிர்ந்த வாயுவாகத் துப்பும். கொதிக்கிற ரசத்தில் யாரோ சொம்பு சொம்பாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது மாதிரி.

1986-ல் ஜிம் ஸ்ட்ராக்கனும் மற்றவர்களும் பொறுமையான ஒரு வேலையைச் செய்தார்கள். பரிசோதனை எதுவும் இல்லாமல், வெறுமனே ஹீலியம் வாயுவை வைத்துத் திரும்பத் திரும்ப எந்திரத்தை ஓட்டினார்கள். ஹீலியம் மோதி மோதிச் சுவர் குடித்து வைத்திருந்த வாயுவையெல்லாம் கக்கவைத்தது. ஸ்பாஞ்சு காய்ந்தது. காய்ந்த ஸ்பாஞ்சு துப்பாது, உறிஞ்சும். அந்த நிலையில் நிஜப் பரிசோதனையை ஓட்டினார்கள். 20 கோடி டிகிரி! அதே எந்திரம், அதே காந்தம். சுவர் மட்டும்தான் வேறு மாதிரி. இதற்கு 'சூப்பர் ஷாட்' என்று பெயர் வைத்தார்கள்.

தோசைக்கல்லைப் பழக்குவது என்று சொல்கிறோமே, அதுதான் இது. புதுக் கல்லில் முதல் தோசை வராது. எண்ணெய் தேய்த்து, வெங்காயம் தேய்த்து, நாலைந்து தோசையை வீணடித்த பிறகுதான் கல் பழகும். பழகிய கல்லில் யாராவது சப்பாத்தி போட்டுவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டி.எஃப்.டி.ஆரிலும் அதே கதைதான். ஒரு முறை பிளாஸ்மா நிலைகுலைந்து சுவரில் மோதினால், பழகிய சுவர் கெட்டுப்போகும். திரும்ப ஹீலியம், திரும்பப் பொறுமை. பிறகு இன்னும் ஒரு படி மேலே போய், சில மில்லிகிராம் லித்தியம் குண்டுகளை உள்ளே சுட்டுச் சுவரில் லித்தியம் பூசினார்கள். 1995-ல் 51 கோடி டிகிரி வரை போனது அந்த எந்திரம்.

சுத்தம் செய்தால் மட்டும் போதாது, பூசி மெழுகவும் வேண்டும் என்று மற்ற இடங்களிலும் புரிந்துகொண்டார்கள். ஜெர்மனியில் யூலிக் நகரத்தில் டெக்ஸ்டர் என்று ஒரு டோகாமாக் இருந்தது. அங்கே யோர்க் விண்டர் குழுவினர் 1980-களின் கடைசியில் சுவருக்கு போரான் பூசினார்கள். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரில் இருக்கிறதே, அதே போரான். ஆக்ஸிஜனைக் கண்டால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மெல்லிய பூச்சு. அது போதும். அமெரிக்காவின் சான்டியேகோவில் டி-III-டி டோகாமாக்கில் 1991-ல் போரான் பூசியதும், அதுவரை பார்க்காத அளவுக்கு பிளாஸ்மாவின் பிடிமானம் கூடியது. நம்ம ஊர் ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. காந்தி நகரில் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தில் 1989-ல் இயங்க ஆரம்பித்த ஆதித்யா டோகாமாக்கிலும் ஒளிரும் பிளாஸ்மா கழுவல், லித்தியப் பூச்சு எல்லாம் நடந்திருக்கிறது.

ஆனால், இந்தப் பூச்சுகள் சும்மா வருவதில்லை. போரான் பூச உபயோகிக்கிற டைபோரேன் வாயு கொடிய விஷம், காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஜெட் எந்திரத்தில் 1989-லிருந்து பெரிலியம் பூசினார்கள். பெரிலியம் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுப்போகும். அதற்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள் விண்வெளி வீரர்கள் மாதிரி உடுப்பு மாட்டிக்கொண்டுதான் போனார்கள். சட்டி கழுவுகிற வேலை, உயிரோடு விளையாடுகிற வேலை.

இதற்கு நடுவில், நல்ல பிள்ளை என்று நம்பிய கார்பன் காலை வாரியது.

நிஜமான அணு உலையில் எரிபொருள் வெறும் ஹைட்ரஜன் இல்லை. டியூட்டீரியமும் டிரிடியமும். இரண்டுமே ஹைட்ரஜனின் அண்ணன்கள். இதில் டிரிடியம் கதிரியக்கம் உள்ளது. இயற்கையில் கிட்டத்தட்டக் கிடையாது. 12 வருடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு கிராம் பல லட்சம் ரூபாய். 1997-ல் ஜெட் எந்திரத்துக்குள் சுமார் 35 கிராம் டிரிடியம் செலுத்தி, 16 மெகாவாட் அணு இணைப்புச் சக்தி எடுத்துச் சாதனை செய்தார்கள். கொண்டாட்டம் முடிந்து டிரிடியத்தைக் கணக்குப் பார்த்தால் உதைத்தது. கார்பன் சுவர் அரிபட்டு, டிரிடியத்தோடு சேர்ந்து, டைவர்ட்டர் பக்கத்தில் குளிர்ந்த இண்டு இடுக்குகளில் கரிப் படலமாகப் படிந்திருந்தது. எவ்வளவு கழுவியும் சுமார் 6 கிராம் கைக்கு வரவில்லை. மனிதர்கள் இறங்க முடியாத இடம், ரோபோ கைகளை விட்டுத்தான் துழாவ வேண்டியிருந்தது.

6 கிராம்தானே என்று விட முடியுமா? பிரான்ஸில் இந்தியா உள்பட உலக நாடுகள் சேர்ந்து கட்டிவருகிற ஐடர் எந்திரத்தில் சுவருக்குள் ஒரு கிலோ டிரிடியத்துக்கு மேல் தங்கவே கூடாது என்பது விதி. கார்பன் சுவர் வைத்தால் சில நூறு ஓட்டங்களிலேயே அந்த வரம்பு வந்து, எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் விற்கிற உலைக்கு இது கட்டுப்படியாகுமா?

வேறு வழியில்லாமல், முப்பது வருஷத்துக்கு முன் பிரின்ஸ்டனில் கழற்றி எறிந்த அதே டங்ஸ்டனைத் தேடிப் போனார்கள். ஜெர்மனியின் கார்ஷிங் நகரத்தில் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு டோகாமாக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனை விட்டு 2007-ல் முழு டங்ஸ்டனுக்கு மாறியது. 2011-ல் ஜெட், தன் கார்பன் ஓடுகள் ஆயிரக்கணக்கானவற்றை உரித்துப் போட்டுவிட்டு டங்ஸ்டனும் பெரிலியமும் மாட்டிக்கொண்டது. சுவர் குடிக்கும் எரிபொருள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால், பிளாஸ்மாவின் பிடிமானமும் ஆரம்பத்தில் குறைந்தது. பழைய உயரத்துக்கு வர வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள். ஓரத்தைக் குளிரவைத்து, நடுவில் டங்ஸ்டன் சேராமல் விரட்டி, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். பலன் வந்தது. 2021-ல் 59 மெகாஜூல். மூடுவிழாவுக்குச் சற்று முன், 2023 அக்டோபரில் 69 மெகாஜூல். வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளில், இரண்டு கிலோ நிலக்கரியின் சக்தி!

2024-ல் ஐடரும் தன் திட்டத்தை மாற்றி அறிவித்தது. உட்சுவருக்குப் பெரிலியம் வேண்டாம், டங்ஸ்டனே இருக்கட்டும் என்று. கட்டுமானம் பாதிக்கு மேல் முடிந்த நிலையில் சுவரை மாற்றுவது சாதாரண முடிவா? கூடவே இன்னொரு வரி: டங்ஸ்டன் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்காது, ஆகவே போரான் பூசுவதற்கும் ஏற்பாடு வேண்டும். யூலிக் நகரத்தில் கற்ற அந்தப் பழைய பாடம்!

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. கழுவுவதற்கு மிக எளிய வழியான அந்த ஒளிரும் பிளாஸ்மா, பலமான காந்தப் புலத்தில் வேலை செய்யாது. ஐடர் மாதிரி எந்திரங்களில் இருப்பது மீக்கடத்திக் காந்தங்கள். அவற்றை நாள்கணக்கில் நிறுத்தாமல் வைத்திருப்பார்கள். கழுவுகிறேன் என்று அடிக்கடி அணைத்துப் போட முடியாது. ஆகவே ரேடியோ அலைகளைப் பாய்ச்சிக் கழுவப் பழகிவருகிறார்கள். 2025 பிப்ரவரியில் பிரான்ஸின் வெஸ்ட் டோகாமாக், டங்ஸ்டன் சுவருக்கு நடுவில் 22 நிமிடம் பிளாஸ்மாவை அணையாமல் வைத்திருந்தது. பெரிய சாதனைதான். ஆனால், வீட்டுக்கு மின்சாரம் தருகிற உலை 22 நிமிடம் ஓடினால் போதாது. மாதக்கணக்கில் ஓட வேண்டும். அடுப்பை அணைக்காமலே சட்டியைக் கழுவுவது எப்படி? பெட்ரோலும் நிலக்கரியும் தீர்ந்த பிறகு நம் பேரன் பேத்திகளுக்கு வெளிச்சம் தரும் என்று நம்புகிற இந்தத் தொழில்நுட்பத்துக்கு முன்னால் நிற்கிற பெரிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

அடுத்த முறை பேப்பரில் 'செயற்கைச் சூரியன்: புதிய சாதனை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்தால், எத்தனை கோடி டிகிரி என்பதை அப்புறம் பாருங்கள். அதற்கு முந்தின வாரம் சுவரை எதனால், எத்தனை மணி நேரம் கழுவினார்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அநேகமாக எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால், யாரோ சிலர் ராப்பகலாகக் கழுவித்தான் இருப்பார்கள்.